ஜீப்பின் வழித்தடம்: தாம்பரத்திலிருந்து சில குறிப்புகள்

சில வாரங்களுக்கு முன், என் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் பொருட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்ல நேர்ந்தது. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஊழியர் வாசலில் நின்ற வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இது வின்டேஜா, ஓட்டுற வண்டியா?" என்று கேட்டார். "ஓட்டுற வண்டிதான்" என்றேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி மனத்தில் உழன்றுகொண்டே இருந்தது. கேட்டவருக்கு அது படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். எனக்கோ ஐம்பதாண்டுக் கால வரலாறு ஒன்றை ஒரே சொல்லில் தீர்த்துவைக்கச் சொன்னதுபோல இருந்தது.

வண்டி 1972ஆம் ஆண்டைச் சேர்ந்த மகிந்திரா சி.ஜே.3பி ஜீப். 2009இல் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்காரரிடமிருந்து வாங்கினேன். முடிச்சூர் சாலையிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து வீட்டுக்கும், இடையில் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அதுவே என் வாகனம். அதன் பூர்வீகத்தைத் தேடிச் சென்றபோது தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

ஜீப் போரின் குழந்தை. 1940ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் எடை குறைந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியை ஒப்படைக்க அளித்த காலக்கெடு 49 நாட்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் சிற்றூரில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த பான்டம் நிறுவனம் அச்சவாலை ஏற்றது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்துக் கொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடிவதற்குச் சற்று முன்னர், வண்டி இராணுவத்தின் வாயிலில் நின்றது. ஆனால் இவ்வளவு பெரிய தேவையை ஒரு சிறு நிறுவனத்தால் ஈடுகட்ட முடியாது என்று கருதிய இராணுவம் பான்டத்தின் வரைபடங்களை வில்லீஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கும் காட்டியது. வில்லீஸ் வண்டியின் எஞ்சின் வலுவானதாக இருந்ததால் அதன் வடிவமே நிலைபெற்றது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. முதலில் உருவாக்கிய பான்டத்தின் பங்கு மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. முதல் நூல் செய்தவன் பெயர் மறைந்து வழிநூல் செய்தவன் பெயர் நிலைத்த கதைகள் இலக்கிய வரலாற்றுக்கும் புதியவை அல்லவே.

பெயரின் பிறப்பைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. பொதுப் பயன்பாட்டைக் குறிக்கும் 'ஜி.பி.' என்னும் எழுத்துகள் மருவி ஜீப் ஆயின என்பர் சிலர். 1936இல் பாப்பாய் சித்திரக்கதையில் தோன்றிய, எங்கும் நுழையவல்ல 'யூஜின் த ஜீப்' என்னும் விந்தை விலங்கின் பெயரே வண்டிக்கு வந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் தமிழ் அச்சொல்லைத் தன் இயல்புப்படியே வாங்கிக்கொண்டது. வல்லின ஒற்றில் முடிய விரும்பாத நம் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்து 'ஜீப்பு' என்றாக்கியது. 'ஜீப்பு வருது' என்று நம் கிராமங்களில் ஒருவர் சொன்னால் வண்டியின் வகையைச் சொல்கிறார் என்று பொருளன்று. அரசாங்கம் வருகிறது என்று பொருள்.

அரசாங்கம் ஜீப்பில் ஏறிய கதை சுவையானது. பர்மா போர்முனையில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் ஜீப்பைப் பெரிதும் நம்பியிருந்தன; சாலையற்ற இடங்களில் அதற்கு இரும்புச் சக்கரம் பூட்டித் தண்டவாளத்தில் இரயில் எஞ்சினாகவும் ஓட்டினார்கள். தாம்பரத்திலும் பரங்கிமலையிலும் இருந்த விமானத் தளங்கள் அப்போரில் பயன்பட்டவை. போர் ஓய்ந்தபின் மிஞ்சிய வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற தொடர் நம் பேச்சுவழக்கில் குடியேறியது அக்காலத்தில்தான். பின்னாளில், 1954இல், விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தது. சீனப் போரையடுத்து 1963இல் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இவ்வட்டாரத்து முதியோர் பலருக்கு ஜீப் என்றதும் ஆலிவ் பச்சை நிறமே நினைவுக்கு வருவதன் காரணம் இதுதான்.

இந்தியாவில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய நிறுவனம் 1945 அக்டோபர் 2ஆம் நாள் எஃகு வணிகத்துக்கெனத் தொடங்கப்பட்டது. அதன் அப்போதைய பெயர் மகிந்திரா அண்டு முகம்மது. ஜே. சி. மகிந்திரா, கே. சி. மகிந்திரா என்னும் சகோதரர்களுடன் கூட்டாளியாக இருந்தவர் மாலிக் குலாம் முகம்மது. நாடு பிரிந்தபோது அவர் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் அதன் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறியது. பிரிவினை ஒரு பெயர்ப்பலகையில் எழுதிச் சென்ற குறிப்பு இது. போர்க்காலத்தில் இந்தியக் கொள்முதல் குழுவின் பொறுப்பில் வாஷிங்டனில் இருந்த கே. சி. மகிந்திரா, வில்லீஸ் எஞ்சினை வடிவமைத்த பார்னி ரூஸைச் சந்தித்ததே ஜீப் இந்தியாவுக்கு வர வித்திட்டது. 1949இல் பிரித்து அனுப்பப்பட்ட பாகங்களைப் பம்பாயில் பூட்டி முதல் ஜீப்புகளை வெளியிட்டார்கள். ஐம்பதுகளில் பாகங்களையும் இங்கேயே செய்யும் நிலை படிப்படியாக உருவாயிற்று.

அதே 1940களின் இறுதியில் ஜீப் ஒரு கறையையும் சுமந்தது. காஷ்மீர்ப் போரின் அவசரத்தில், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் பழைய ஜீப்புகளுக்குச் செய்த ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் பெரும் புயலைக் கிளப்பியது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள் மட்டுமே. அவையும் பயன்படுத்தும் நிலையில் இல்லை. 1955இல் அரசு அவ்விவகாரத்தை முடித்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 1965 செப்டம்பரில், கேம்கரன் பகுதியில் அப்துல் ஹமீது என்னும் வீரர் ஜீப்பின் மேல் பொருத்திய பீரங்கியால் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றார். ஊழலின் பெயரையும் வீரத்தின் பெயரையும் ஒருசேரத் தாங்கிய வேறொரு வண்டி நம் நாட்டில் உண்டா என்பது ஐயமே.

ஆயினும் தமிழகக் கிராமங்களில் ஜீப்பை நிலைநிறுத்தியது போரன்று, நிர்வாகமே. 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வட்டாரந்தோறும் ஓர் அலுவலரையும் அவருக்கு ஒரு ஜீப்பையும் தந்தது. மலேரியா ஒழிப்பு, அம்மை குத்துதல், வீரிய விதை, குடும்பக் கட்டுப்பாடு என அரசு மக்களிடம் சொல்ல விரும்பிய யாவும் ஜீப்பின் பின்பக்கத்தில் ஏறியே ஊருக்குள் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு யுனிசெஃப் அளித்த வண்டிகளும் அவற்றில் அடங்கும். தேர்தல் வந்தால் அதே ஜீப் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கட்சிக்காரர்களிடமும் வாடகைக்குச் சென்றது. இன்றும் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிச்செல்வது ஜீப்பே.

என் தந்தையார் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஜீப் ஓட்டுநராக இருந்தவர். இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டினார். அவ்வண்டியில் ஒருநாள்கூட எங்களை ஏற்றியதில்லை. "அது கவர்மெண்டு வண்டிப்பா" என்பதோடு முடித்துக்கொள்வார். ஆறாம் வகுப்பில் காய்ச்சலோடு பள்ளியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த என்னைக் கடந்து அந்த ஜீப் சென்றது. அதிகாரி உள்ளே இருந்தார். அப்பா திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை. அன்றிரவு என் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். 2009இல் இந்த ஜீப்பை வாங்கி வந்து சாவியை அவர் கையில் கொடுத்தபோது, "பக்கத்துல நீ உக்காரு" என்றார். வண்டலூர் வரை போய்த் திரும்பினோம். வழியில் அவர் எதுவும் பேசவில்லை.

பழைய ஜீப்பை நாள்தோறும் ஓட்டுவது எளிதன்று என்பதை ஆசைப்படுவோர் அறிந்திருத்தல் நலம். வில்பட்டைகளின் மேல் அமர்ந்த குறுகிய வண்டி, ஜி.எஸ்.டி. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகெலும்புக்கு நேராக வந்து சேரும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பக்கத்திலிருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். முதல் கியருக்கு ஓடும்போது மாற்ற வேண்டுமானால் இரட்டைக் கிளட்ச் மிதிக்கக் கற்றிருக்க வேண்டும். நான்கு சக்கர விசையை உலர்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. முன் பின் அச்சுகளுக்கிடையே வேக வேறுபாட்டைச் சரிசெய்யும் அமைப்பு இல்லாததால் டயரும் பற்சக்கரமும் தேயும். மாதம் ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஆனால் பழுதானால் கண்ணால் பார்த்து அறியலாம். கிடைக்காத பாகத்தைப் புதுப்பேட்டையில் தேடலாம்; அங்கும் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். மேற்குத் தாம்பரத்தில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கணினி வைத்த வண்டிகளைத் தொடுவதில்லை. "இது நம்மகிட்ட பேசும் சார். அதுங்க மெஷின்கிட்டதான் பேசும்" என்பார்.

என் வண்டியில் இப்போது இருப்பது பிறந்தபோதிருந்த எஞ்சின் அன்று. சி.ஜே.3பியின் உயர்ந்த முன்மூடிக்குக் காரணமாயிருந்த 'ஹரிக்கேன்' பெட்ரோல் எஞ்சினை, எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபின் பலரும் கழற்றிவிட்டு டீசலுக்கு மாறினர். முன்னாள் உரிமையாளரும் அவ்வாறே டிராக்டருக்கென உருவான இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஆர்.சி.யிலும் பதிவுசெய்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைமீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தீப்பொறி தேவைப்படாத அந்த எஞ்சினே கைகொடுத்தது. இரண்டு நாட்கள் எங்கள் தெருவிலிருந்து மேட்டுப் பகுதிக்கு முதியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்றோம். பிரேக் டிரம்மில் நீர் புகுந்து மிதித்தால் நிற்காத வண்டியை, எழுபது வயதில் அப்பாதான் கியரிலேயே அடக்கி ஓட்டினார். என்னை ஓட்ட விடவில்லை.

இனி அந்த ஊழியரின் கேள்விக்கு வருவோம். 2021இல் மைய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்த வண்டிகள் 'வின்டேஜ்' எனத் தனி எண்வரிசையில் பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கலாகாது. அவ்வாறு பதிவுபெற்ற வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே அனுமதி. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே அப்பா ஓட்டியது போன்ற ஜீப்புகள் இனி அரசு அலுவலக மரத்தடிகளில் நிற்கப்போவதில்லை. என் வண்டி எஞ்சின் மாறியதால் வின்டேஜ் ஆகாது. தகுதிச் சான்றும் பசுமை வரியும் உள்ளவரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்வெழுதிப் பிழைத்துக்கொள்ளும்.

புகைக்கும் பாதுகாப்புக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் இல்லாத வண்டியில் என் மகளை நெடுந்தூரம் அழைத்துச் செல்வதில்லை. என்னை உறுத்துவது வேறு. மாறாதிருப்பதே பழமைக்கு இலக்கணம், ஓடாதிருப்பதே அதற்கு மரியாதை என்ற எண்ணம் அவ்விதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் சுவடிகள் அவ்வழியில் பிழைக்கவில்லை. பனையோலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப்போகும். யாரோ ஒருவர் புதிய ஏட்டில் படியெடுத்ததனால்தான் பாட்டு நமக்குக் கிடைத்தது. படியெடுக்காமல் பூசையறையில் வைத்துப் போற்றப்பட்ட ஏடுகள் தூளாயின.

ஜீப்பின் பிற்கால வரலாறும் இதையே சொல்கிறது. போர்க்கால ஜீப்பைச் செய்த ஃபோர்டும் இந்திய ஜீப்பைச் செய்த மகிந்திராவும் 1995இல் கூட்டுச் சேர்ந்தன. அதன்வழி மறைமலை நகரில் எழுந்த ஆலை பின்னர் ஃபோர்டுக்கே உரியதாகி, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. அதே சாலையில் சற்றுத் தெற்கே, செங்கல்பட்டுக்கு அருகில், 2012இல் திறக்கப்பட்ட மகிந்திராவின் ஆய்வு மையம் உள்ளது. 2020 அக்டோபர் 2இல் விற்பனைக்கு வந்த புதிய 'தார்' அங்கே உருவானது. இடையில் 2018இல் மகிந்திரா பழைய ஜீப்பின் வழிவந்த 'ராக்ஸர்' வண்டியை அமெரிக்காவிலேயே விற்க முனைந்தபோது, ஜீப் பெயருக்கு உரிமை கொண்ட நிறுவனம் வழக்குத் தொடுத்தது. முகத்தை மாற்றி வடித்த பின்னரே ராக்ஸரை அங்கு தொடர்ந்து விற்க முடிந்தது. தாய்நாட்டில் அடையாளம் தெரியாதபடி மாற வேண்டியிருந்த வடிவம், தாம்பரத்தில் தினமும் கல்லூரிக்குப் போய் வருகிறது.

அப்பா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வண்டியை விற்றுவிடும்படி வீட்டில் அவ்வப்போது பேச்சு எழுகிறது. காரணங்கள் யாவும் நியாயமானவை. இம்முறையும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். நாளை காலை எட்டரை மணிக்கு முதல் வகுப்பு. டீசல் போட வேண்டும்.