பூச்சி மாத்திரையும் பாடப்புத்தகமும்: புசியாவில் போட்ட கணக்கு

வெளிநாட்டு உதவின்னு சொன்னதும் நாம கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு கொடுத்தாங்க?" என்பதுதான். அந்தப் பணம் ஒரு ஏழைக் குழந்தையோட வாழ்க்கையில் எதை மாத்துச்சுன்னு அளந்து பார்த்தவங்க ரொம்ப காலம் குறைவு. அப்படி அளக்கத் தொடங்கின ஒரு ஊரைப் பத்தி இன்னைக்குப் பேசலாம். கென்யாவின் மேற்கு ஓரத்தில், உகாண்டா எல்லையை ஒட்டி இருக்கிற புசியா.

1990-களின் நடுப்பகுதி. மைக்கேல் கிரெமர்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர். கல்லூரி முடிச்சதும் கென்யாவில் வாத்தியாரா வேலை பார்த்தவர். திரும்ப அங்கே போனப்போ, ஒரு டச்சுத் தொண்டு நிறுவனத்தில் இருந்த நண்பர், ஏழு பள்ளிகளுக்கு உதவப் போறதா சொல்றார். கிரெமர் ஒரு யோசனை கொடுத்தார்: பதினாலு பள்ளிகளைப் பட்டியல் எடுங்க, குலுக்கல் முறையில் ஏழுக்குக் கொடுங்க, அப்புறம் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க.

கேட்டதும் கொஞ்சம் கொடுமையாத்தான் தோணும். ஆனா பணம் எல்லாருக்கும் போதாது, யாரோ காத்திருக்கத்தான் போறாங்க. யார் காத்திருப்பாங்கன்னு வழக்கமா முடிவு பண்றது சிபாரிசும், தார் ரோடு எதுவரைக்கும் போகுது என்பதும்தான். என்னைக் கேட்டா, குலுக்கல் அதைவிட நேர்மையானது.

அடுத்து பாடப்புத்தகம். வகுப்பில் பல பேருக்குப் புத்தகமே கிடையாது. கொடுத்தா படிப்பாங்க, மார்க் ஏறும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கு? 100 பள்ளிகளை எடுத்து, 1996-ல முதலில் 25 பள்ளிகளுக்குக் கொடுத்தாங்க. சராசரி மார்க் அசையவே இல்லை. ஏற்கனவே நல்லாப் படிச்ச பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் ஏறிச்சு. காரணம், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, அதுக்கப்புறம் சுவாஹிலி, ஆங்கிலம் மூணாவதுதான். பல பேரால் அதை வாசிக்கவே முடியலை. பாடத்திட்டமே நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளை மனசில் வெச்சு எழுதினது. கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க, ஆனா புத்தகம் போய்ச் சேர்ந்தது வேற யாருக்கோ எழுதினது.

சுவரில் மாட்டுற விளக்கப்படங்கள் கதை இன்னும் சுவாரஸ்யம். படம் இருக்கிற பள்ளி, இல்லாத பள்ளின்னு ஏற்கனவே இருந்த புள்ளிவிவரத்தை ஒப்பிட்டா, படம் இருக்கிற இடத்தில் மார்க் அதிகம். 178 பள்ளிகளில் பாதிக்குக் குலுக்கலில் கொடுத்துப் பார்த்தப்போ, வித்தியாசம் ஒண்ணுமே இல்லை. படம் வாங்க முடிஞ்ச பள்ளியில் வேற வசதிகளும் இருந்திருக்கும் இல்லையா? அந்தப் பெருமையெல்லாம் படத்துக்குப் போயிருக்கு.

மூணாவதுதான் பூச்சி மாத்திரை. நம்ம பள்ளிகளில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாசங்களில் கொடுப்பாங்களே, அதே அல்பெண்டசோல். புசியாவில் பத்துக்கு ஒன்பது குழந்தைகளுக்கு மேல் ஏதோ ஒரு குடற்புழு இருந்துச்சு. 75 பள்ளிகள், சுமார் 30,000 குழந்தைகள். முதல் 25 பள்ளிகளுக்கு 1998-ல, அடுத்த 25-க்கு 1999-ல, கடைசி 25-க்கு 2001-ல. குழந்தைகள் பள்ளிக்கு வராம இருக்கிறது கால் பங்கு குறைஞ்சது. பரீட்சை மார்க் ஏறலை, அதையும் சொல்லணும். ஆனா செலவு, ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு டாலர்கூட இல்லை. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் பலன் கிடைச்சது, ஏன்னா மண்ணில் புழு முட்டை குறைஞ்சு போச்சு.

இங்கே கொடையாளர் உலகத்தோட ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வருது. இலவசமாக் கொடுத்தா மதிக்க மாட்டாங்க, கொஞ்சமாவது காசு வாங்கினாத்தான் திட்டம் சொந்தக் காலில் நிக்கும்! 2001-ல சில பள்ளிகளில் பெற்றோர்கிட்ட சின்னக் கட்டணம் கேட்டாங்க. இலவசமா இருந்த இடத்தில் நாலில் மூணு குழந்தைகள் மாத்திரை எடுத்துக்கிட்டாங்க. காசு கேட்ட இடத்தில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. சொந்தக் காலில் நிக்கணும்னு சொன்ன திட்டம் படுத்தே போச்சு.

2009-ல கென்யா இதை நாடு தழுவிய திட்டமா எடுத்தது. 2015-ல இந்தியாவும் தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கிச்சு. 2019-ல கிரெமருக்கு, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவோட சேர்ந்து பொருளாதார நோபல். நடுவில் சண்டையும் வந்தது. 2015-ல லண்டன் ஆய்வாளர்கள் பழைய தரவை மறுபடி அலசி, கணக்குப் பிழைகளைக் காட்டினாங்க. தள்ளி இருந்த பள்ளிகளுக்குப் போன பலன்னு சொன்னதில் ஒரு பகுதி சுருங்கிச்சு. புழு குறைவா இருக்கிற ஊரில் இதே பலன் வருமான்னு மருத்துவர்கள் இன்னும் கேட்கிறாங்க, நியாயமான கேள்விதான்.

2021-ல ஒரு ஆய்வு வந்தது. அதே குழந்தைகளை இருபது வருஷம் தொடர்ந்து போய்த் தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க. முன்னாடியே மாத்திரை கிடைச்சவங்க, காத்திருந்தவங்களைவிட 14 சதவீதம் அதிகமாச் செலவு செய்ற நிலையில் இருந்தாங்க. மணிக்கு வாங்குற கூலியும் 13 சதவீதம் கூடுதல். அந்த ரெண்டு எண்ணுக்கும் இன்னொரு பக்கம் இருக்கு. 2001 வரைக்கும் வரிசையில் நின்ன அந்தக் கடைசி 25 பள்ளிகள். அவங்க முறை வர்றதுக்குள்ள பெரிய வகுப்புப் பிள்ளைகள் பலர் பள்ளியை முடிச்சிட்டுப் போயிட்டாங்க.