சாணமும் உப்பும்

ரசாயன உரத்துக்கு எங்கள் காவிரிக் கரை ஊரில் 'உப்பு' என்றுதான் பெயர். அந்தப் பெயரிலேயே கொஞ்சம் சந்தேகமும் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1889-இல் பிரிட்டிஷ் சர்க்கார் வோல்க்கர் என்னும் ரசாயன நிபுணரை இந்தியாவுக்கு அனுப்பிற்று. குடியானவனுக்குப் பாடம் சொல்ல வந்த மனிதர், 1893-இல் வெளிவந்த அறிக்கையில் அவனைப் புகழ்ந்துவிட்டுப் போனார்! வயலுக்குப் போக வேண்டிய சாணம் வறட்டியாகி எரிகிறதே என்பது அவருடைய பெரிய வருத்தம். விறகுப் பஞ்சமே அதற்குக் காரணம் என்பதையும் கண்டுகொண்டார்.

1906-இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட், 1951-இல் சிந்திரியில் அம்மோனியம் சல்பேட். 1960-இல் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தஞ்சை ஜில்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மூட்டைகள் ஊருக்கு ஊர் வந்து இறங்கின.

என் பாட்டனார் கிடையையும் கொழுஞ்சியையும் நிறுத்திவிட்டு உப்பையே நம்பினார். பயிர் கரும்பச்சையாக நின்றது. கண் பட்டுவிடும் என்று பாட்டி பயந்தாள். கதிர் முற்றும் சமயம் ஒரே ஒரு மழை. பழைய உயர ரகமல்லவா? தின்ற தழைச்சத்தையெல்லாம் தாளாக வளர்த்திருந்த சம்பா அப்படியே சாய்ந்து சேற்றில் படுத்துவிட்டது. பாட்டியின் காசுமாலை அடகுக்குப் போயிற்று.

அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரத்துக் கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டார். உப்பையும் அடியோடு விடவில்லை. அளவைப் பாதியாக்கி, வேப்பம் புண்ணாக்குத் தூளோடு பிசறி, இரண்டு தவணையாக வீசினார். தழைச்சத்து ஒரேயடியாகக் கரைந்து வீணாகாமல் புண்ணாக்கு அதை நிதானப்படுத்தும். உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டளையிட்டது 2015-இல்.

இனி அடுப்புக்கு ஒரு கூடைச் சாணம்கூடக் கிடையாது என்றாராம் பாட்டனார்.

"அப்படியானால் விறகை வாங்கிப் போடுங்க" என்றாளாம் பாட்டி.