இணையத் தமிழ் மூலங்களும் வகுப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றை அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அச்சிலிருந்து இணையத்திற்கு அவை வந்த வரலாறு அத்துணை நோக்கப்பெறவில்லை. இன்று முதுகலை மாணவர் சங்கப் பாடல் ஒன்றைப் பெரும்பாலும் இணையத்திலேயே முதலிற் காண்கின்றனர். ஆசிரியரும் பாடத்திற்கு வேண்டிய மேற்கோளை அங்கிருந்தே எடுக்கின்றனர். ஆகவே அம்மூலங்கள் எவ்வாறு தோன்றின, எத்துணை நம்புதற்குரியன என்னும் இரண்டனையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சு வகுத்த நெறி

1887 ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சிட்டனர். 1894 இல் ஐயரவர்களின் புறநானூற்றுப் பதிப்பு வெளிவந்தது. இப்பதிப்புக்களின் பயனாகத் தமிழாய்வு ஒரு நெறியைப் பெற்றது. எந்தச் சுவடி, எவரிடமிருந்து கிடைத்தது, அது பிற சுவடிகளோடு எங்கே வேறுபடுகின்றது என்பனவற்றைப் பதிப்பாசிரியர் கூறுதல் கடமையாயிற்று. 1940 இல் எஸ். வையாபுரிப் பிள்ளையின் மேற்பார்வையில் வந்த சங்க இலக்கியப் பதிப்பு, பாடல்களைப் புலவர் வரிசையில் தொகுத்துத் தந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புக்கள் சந்தி பிரித்த பாடத்தைப் பொதுமக்கட்கு வழங்கின. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோக்கத்திற்காக எழுந்தவை. ஒன்றின் பாடம் மற்றொன்றின் பாடமன்று என்பதை மறத்தல் கூடாது.

மின்னெழுத்தின் தோற்றம்

கணினி தமிழாய்விற்குள் சொல்லடைவின் வழியாகவே முதலிற் பயன் தரத் தொடங்கியது எனலாம். 1966 இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பல்லவர் காலத்திற்கு முற்பட்ட தமிழ் நூல்களின் அடைவு கையால் தொகுக்கப்பெற்றது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகிய இருவரும் 1992 இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவோ கணினியில் ஏற்றிய பாடத்திலிருந்து எழுந்தது. மால்டன் பணியாற்றிய செருமனியின் கொலோன் பல்கலைக்கழகம் தமிழ் நூல்களை உரோமன் எழுத்தில் கணினியில் ஏற்றியதோடு, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேடுதற்கும் வழி செய்தது.

1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் உதவினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின், 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அதன் மின்னூலகத்தில் இலக்கண இலக்கியங்கள் உரையோடு இடம்பெற்றுள்ளன. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கப் படிமங்களாகச் சேர்த்து வருகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரியுண்டதை நினைவார்க்கு இப்பணியின் அருமை விளக்க வேண்டுவதன்று.

குறியேற்றச் சிக்கல்

ஏட்டிற்குச் செல் பகையாயிருந்ததுபோல் மின்னெழுத்திற்குக் குறியேற்ற வேறுபாடு பகையாயிற்று. திஸ்கி, டாம், டாப் எனப் பல முறைகள் ஒரே காலத்தில் வழங்கின. ஒரு முறையில் எழுதிய பாடம் அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றிற்று. ஒருங்குறியில் தமிழ் 1991 லேயே இடம்பெற்றிருப்பினும், தமிழ்நாட்டரசு அதனைத் தன் தரமாக ஏற்றது 2010 இல் ஆகும். இடைக்காலத்தில் மதுரைத் திட்டம் போன்றன தம் நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குப் பெயர்த்துக் காத்தன. அவ்வாறு பெயர்ப்பாரைப் பெறாத பக்கங்கள் இருந்தும் பயனற்றனவாயின. பெயர்த்தெழுதுவோர் இன்றேல் நூல் அழியும் என்னும் பழைய உண்மை புதிய கருவிக்கும் பொருந்துவதேயாம்.

தேடலும் புணர்ச்சியும்

இணைய மூலத்தின் தலையாய பயன் சொற்றேடல் ஆகும். மாணவர் மிகுதியாகப் பிழைபடும் இடமும் அதுவே. ‘கடல்’ என்று தேடுவார்க்குக் ‘கடற்கரை’ கிடைக்காது. சந்தி பிரியாத பாடத்தில் ‘கடனீர்’ கிடைக்காது. இவை புணர்ச்சியால் நேர்வன. வேறொரு தடையும் உண்டு. ஒருங்குறியில் அகரமேறிய எழுத்தே முதற்குறி; புள்ளி அதன்மேல் வரும் தனிக்குறி. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் நம் இலக்கண முறைக்கு இது நேர்மாறாகும். ஆதலின் எளிய தேடலில், புள்ளியோடு கூடிய ‘கடல்’ என்பது ‘கடலில்’, ‘கடலும்’ என்பவற்றோடு பொருந்துவதில்லை. புள்ளி நீக்கிக் ‘கடல’ எனத் தேடின் அவை அகப்படும். ‘கடலை’ என்னும் பயற்றின் பெயரும் உடன் வரும். இதனை அறியாத மாணவர், “இச்சொல் இந்நூலில் இல்லை” என முடிவு கட்டின், அம்முடிவு தமிழ்ச் சொல் வரலாற்றையே பிறழச் செய்யும். கணினி இல்லை என்பது நூலில் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மூலம் கூறுதல்

இனி, இம்மூலங்களின் தகுதியை அளக்கும் கோல் யாது? தன் மூலத்தைத் தானே கூறும் தன்மையே என்பது நம் கருத்து. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் லெக்சிகன், வின்சுலோ அகராதி, பரோ - எமனோ திராவிடச் சொற்பிறப்பகராதி ஆகியவற்றை அது பதிப்பின் பெயரோடும் பக்க எண்ணோடும் தருகின்றது. நூலகத்தின் படிமங்களில் முகப்புத் தாளே பதிப்புச் செய்தியைக் காட்டிவிடும். மதுரைத் திட்டத்தில் தட்டெழுதியோர், திருத்தியோர் பெயர்கள் காணப்படுகின்றன. பல நூல்களில் மூலப்பதிப்பும் குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் எல்லாவற்றிலும் அஃது இல்லை. இவற்றிலிருந்து படியெடுத்து வேறிடங்களில் வெளியிடுவோர் பலர் இருக்கும் குறிப்பையும் நீக்கிவிடுகின்றனர். அச்சுப் பதிப்பாசிரியர் வளர்த்த நெறி நெகிழும் இடம் இதுவேயாகும்.

வகுப்பறையில் செய்தற்குரியது

இந்நெகிழ்ச்சியைச் சீர்செய்ய வல்லவர் ஆசிரியரே. தேடுதற்குத் தட்டெழுதிய பாடத்தையும், சொல்லும் அடியும் உறுதி செய்தற்குப் பக்கப் படிமத்தையும், பொருள் துணிதற்கு மூலம் கூறும் அகராதியையும் பயன்படுத்துதல் வேண்டும். மேற்கோள் காட்டும் மாணவர் இணைய முகவரியோடு அமையாது, அப்பாடம் எப்பதிப்பினது என்பதையும் எழுதுமாறு பணித்தல் வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு பாடலையேனும் இணையப் பாடத்திலும் இரண்டு அச்சுப் பதிப்புக்களிலும் ஒப்பிட்டுப் பாடவேறுபாட்டைக் குறிக்கச் செய்யின், பதிப்பியலை நூற்பெயரளவில் அறிந்த மாணவர் அதனைச் செய்து அறிவர்.

நூலகம் அணுக இயலாத சிற்றூர் மாணவருக்கு இன்று லெக்சிகனும் சங்க நூல்களும் கைக்கெட்டும் நிலையில் உள்ளன. முன்னைத் தலைமுறை எய்தாத பேறு இது. அப்பேற்றை நமக்கு ஈட்டித் தந்தோரிற் பலர் ஊதியம் கருதாதவர். அவர்தம் உழைப்பிற்கு நாம் காட்டும் நன்றி, அவர் பெயரையும் அவர் எடுத்த பதிப்பையும் மறையாமற் கூறி, கண்ட பிழையை அவர்க்கு அறிவித்தலே ஆகும். ஏடு தேடியோர்க்கும் அச்சிட்டோர்க்கும் தமிழுலகம் செலுத்திய நன்றியும் இத்தகையதே.