மலாவியின் பதிவேடு

ஏழை நாடுகளில் எய்ட்ஸ் சிகிச்சையைக் கண்காணிக்க முடிந்ததே கணினி வந்ததால்தான் என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஆப்பிரிக்காவின் மலாவியில் கணினிக்கு முன்னால் ஒரு நல்ல பதிவேடு வந்தது. சர்க்கார் ரிஜிஸ்டர்களோடு ஆயுளைக் கழித்தவன் ஆதலால் இந்தக் கதையைச் சற்று ஆசையோடு சொல்கிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் மலாவியில் வயது வந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்தார். மருந்து இருந்தது, ஆனால் ஒருவருக்கு ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் நம் மும்பையின் சிப்லா கம்பெனி அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடக்கியும் கொடுத்தது. 2004-ல் மலாவி அரசு, உலக நிதியத்தின் உதவியோடு, இலவச சிகிச்சையை நாடெங்கும் விரிவாக்கத் தொடங்கியது.

இனிமேல்தான் சிக்கல். இந்த மாத்திரை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். மருத்துவர்களோ மிகக் குறைவு. யார் வருகிறார், யார் வரவில்லை என்று கணக்கு வைப்பது யார்?

அந்த நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஆன்டனி ஹாரிஸ், காசநோய்த் திட்டத்தின் வழியைக் காட்டினார். 1970-களின் இறுதியில் செக் நாட்டு மருத்துவர் காரெல் ஸ்டிப்லோ தான்சானியாவில் வகுத்த முறை அது. ஒரு காலாண்டில் சேர்ந்த நோயாளிகளை ஒரே தொகுதியாக எண்ணி, அவர்கள் எல்லோருக்கும் கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்ப்பது. மலாவியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை, பதிவேட்டில் ஒரு வரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வைக் குழு நேரில் வந்து பதிவேட்டைப் பிரித்து எண்ணும்: உயிரோடு மருந்து சாப்பிடுகிறவர் இத்தனை, இறந்தவர் இத்தனை, வேறு இடத்துக்கு மாறியவர் இத்தனை, வராமல் நின்றவர் இத்தனை.

அந்தக் கடைசி இனத்தைப் பிரெஞ்சு மருத்துவர்கள் ‘பெர்த்யு த வ்யூ’ என்பார்கள். பார்வையிலிருந்து தவறிப்போனவர் என்று பொருள். நான் படித்த மொழி என்பதற்காகச் சொல்லவில்லை, சரியான சொல் அது. வடக்கு மலாவியில் இப்படித் தவறிப்போன 253 பேரைத் தேடிப் போனார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்களிலும் பலர், கடைசியாக வந்துபோன மூன்று மாதத்துக்குள்ளேயே. ஊரை விட்டுப் போயிருப்பார், மருந்தில் சலித்திருப்பார் என்று நினைத்த வெற்றுக் கட்டத்துக்குப் பின்னால் மரணம் இருந்தது.

பெரிய சிகிச்சை மையங்களில் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது கையால் எண்ணி மாளவில்லை. அப்போதுதான் கணினி வந்தது. ஜெர்ரி டக்ளஸ் என்பவர் தொடங்கிய பாவோபாப் அமைப்பு, மற்றவர்கள் கைவிட்ட மலிவான கருவிகளைத் தொடுதிரைகளாக மாற்றியது. மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் ஓடும். நோயாளி கையோடு கொண்டுவரும் சிறிய சுகாதாரப் புத்தகத்தில் பட்டைக்குறி ஒட்டியிருக்கும்; அதைக் காட்டினால் அவருடைய விவரம் திரையில் வரும். நர்ஸே விரலால் தொட்டுப் பதிவு செய்வார். பிறகு உட்கார்ந்து ஏற்றுவதற்குத் தனியாகக் குமாஸ்தா வேண்டாம். எங்கள் ஜாதிக்கு அங்கே வேலையில்லை!

ஆனால் அந்தத் திரை கேட்ட கேள்விகள் பழைய அட்டையில் இருந்தவையே. எதை எண்ண வேண்டும் என்பதைக் காகிதம் முன்பே தீர்மானித்திருந்தது. அது இல்லாமல் இயந்திரம் மட்டும் வந்திருந்தால், மருந்து தொடங்கியவர் தொகையை அழகாகக் காட்டியிருக்கும். நிலைத்தவர் எத்தனை என்று சொல்லியிருக்காது.

இந்த மாதம் வராதவர் யார் என்ற பட்டியலைக் கணினி ஒரு நொடியில் தருகிறது. அது பெரிய உபகாரம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒருவர் கிராமத்துக்கு நடந்துபோய்க் கதவைத் தட்ட வேண்டும். நாள் கடத்தினால், கதவைத் திறக்க அவர் இருக்கமாட்டார்.