கோல் போஸ்ட்டில் 18 வருடம்... இப்போ கோட்டுக்கு வெளியே! ஸ்ரீஜேஷ் 'கோச்' ஆன கதை

கோட்டூர்புரத்தில் சாயங்கால நேரம் ஏதாவது ஒரு தெருவில் நின்று பாருங்கள். ரெண்டு செங்கல்லை வெச்சா கோல் போஸ்ட் ரெடி. டீம் பிரிச்சதும் வர்ற முதல் சண்டையே, "கோல்ல யாருடா நிக்கிறது?" என்பதுதான். லேட்டாக வந்தவன், ஓட முடியாதவன், கூட்டத்திலேயே குட்டிப் பையன்... இவர்களில் யார் தலையிலாவது அது விழும். கோல் அடிச்சா தோளில் தூக்குவார்கள். தடுத்தா, "சரி, பந்தைப் போடு" என்பார்கள். விட்டுட்டா மட்டும் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள்.

அந்த இடத்தில் இந்தியாவுக்காக 18 வருடம் நின்றவர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். 2025 டிசம்பரில் நம்ம எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்கு அவர் வந்தது கோல்கீப்பராக இல்லை, இந்திய ஜூனியர் ஹாக்கி டீமின் கோச்சாக!

பசுவை விற்று வாங்கிய கிட்

கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டம், கிழக்கம்பலம் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1988-ல் பிறந்தவர் ஸ்ரீஜேஷ். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூலில் சேர்ந்தார். ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று எல்லாவற்றையும் முயற்சி பண்ணிய பிறகுதான் ஹாக்கி. கோல்கீப்பர் ஆகச் சொன்னது அங்கிருந்த கோச்.

மற்றவர்களுக்கு ஒரு ஸ்டிக், ஒரு ஜோடி ஷூ இருந்தால் ஆடிவிடலாம். கோல்கீப்பருக்கு ஹெல்மெட், நெஞ்சுக்கவசம், கிளவுஸ், கால் பேட் எல்லாம் வேண்டும். மகனுக்கு அந்த கிட் வாங்க, வீட்டில் இருந்த பசுவை விற்றார் அப்பா.

2006-ல் சீனியர் டீமில் இடம் கிடைத்தது. ஆனால், ராஜபாட்டை எல்லாம் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எல்லா மேட்ச்சிலும் தோற்று, 12 டீம்களில் கடைசியாக வந்தது இந்தியா. அந்த டீமில் ஸ்ரீஜேஷும் இருந்தார். ரெண்டே வருடத்தில், 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டு ஃபைனலில் பாகிஸ்தானை ஷூட் அவுட்டில் தடுத்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2016 ரியோவில் அவர்தான் கேப்டன். 2017-ல் முழங்காலில் காயம்; பல மாதங்கள் கிரவுண்டுக்கே வர முடியவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. டோக்கியோவில் வெண்கலப் பதக்க மேட்ச். 5-4 என்று இந்தியா முன்னிலை. கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்குப் பெனால்ட்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980 மாஸ்கோவில் நம்ம சென்னை வி.பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பிறகு, 41 வருடம் கழித்து ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம். சந்தோஷத்தில் அவர் கோல் போஸ்ட் மேலேயே ஏறி உட்கார்ந்த போட்டோ ஞாபகம் இருக்கும்.

2024 பாரிஸில் இன்னொரு வெண்கலம். 336 மேட்ச், 4 ஒலிம்பிக், 36 வயது. அங்கேயே ரிட்டயர்மென்ட். சீனியர் டீமில் அவர் போட்ட 16-ம் நம்பர் ஜெர்ஸிக்கும் ஓய்வு கொடுத்தது ஹாக்கி இந்தியா.

கீப்பர் கண்ணுக்கு எல்லாம் தெரியும்

ரிட்டயர் ஆன கையோடு ஜூனியர் டீமின் கோச் பொறுப்பு வந்தது. கோல் அடிப்பவர்களுக்கு ஒரு கீப்பர் என்ன சொல்லிக்கொடுப்பார் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். 11 பேரில் மொத்த கிரவுண்டையும் முன்னால் விரித்துப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். "இடது பக்கம் ஆள் இருக்கான்", "பின்னால வா" என்று மேட்ச் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பதும் அவர்தான். கோச்சிங்கில் பாதி வேலை இது.

இன்னொரு பாதி, தப்பைத் தாண்டி வருவது. ஹேண்ட்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயர கோல். கையில் கிளவுஸ்கூட இல்லாமல் நிற்பார் கீப்பர். ஒரே மேட்ச்சில் 20, 30 கோல் விழுவது அங்கே சாதாரணம். ஒவ்வொரு கோலுக்கும் தலையில் கை வைத்தால், அடுத்ததும் உள்ளே போய்விடும். அப்படி நின்ற ஸ்வீடனின் மாட்ஸ் ஓல்சன், 1990-ல் உலக சாம்பியன் ஆன டீமின் ஹேண்ட்பால் கீப்பர். பின்னாளில் நார்வே பெண்கள் டீமின் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

கை பரபரக்கும்... ஆனா, போக முடியாது!

கோச்சாக ஸ்ரீஜேஷுக்கு ஆரம்பம் நன்றாகவே இருந்தது. 2024 அக்டோபரில் சுல்தான் ஆஃப் ஜோகர் கோப்பையில் வெண்கலம். டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பை. உண்மையான பரீட்சை சென்னையில்தான் நடந்தது.

எழும்பூர் ஸ்டேடியம் அவருக்குப் புதிது இல்லை. 2023 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில், தன் 300-வது மேட்ச்சை இதே இடத்தில்தான் ஆடினார். இந்த முறை ஜூனியர் உலகக் கோப்பை. 2021, 2023 என்று ரெண்டு முறையும் 4-வது இடத்தோடு வெறுங்கையாகத் திரும்பிய டீம் இந்தியா. சொந்த மண்ணில் மூன்றாவது முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது.

காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2. ஷூட் அவுட். இதில் அடிப்பவருக்குக் கிடைப்பது 8 விநாடி. கீப்பரும் அவரும் மட்டும்தான் எதிரெதிரே. இஞ்சியானிலும் பாரிஸிலும் ஸ்ரீஜேஷ் நின்ற அதே இடத்தில் இளம் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். ஸ்ரீஜேஷ், கோட்டுக்கு வெளியே. எவ்வளவு பெரிய கீப்பராக இருந்திருந்தாலும் கோச் ஒரு பந்தைக்கூடத் தடுக்க முடியாது. பிரின்ஸ்தீப் தடுத்தார். 4-3, இந்தியா ஜெயித்தது.

அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று அடித்து உட்கார வைத்தது. மூணே நாளில் அர்ஜென்டினாவுடன் வெண்கலத்துக்கான மேட்ச். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 0-2. போச்சு, திரும்பவும் 4-வது இடம் என்று நினைத்த நேரத்தில், கடைசி 11 நிமிடத்தில் நாலு கோல் விழுந்தது. 4-2! 2016-ல் லக்னோவில் கோப்பை வென்ற பிறகு, 9 வருடம் கழித்து ஜூனியர் உலகக் கோப்பையில் ஒரு பதக்கம்.

அந்த நாலு கோலில் ஒன்றைக்கூட ஸ்ரீஜேஷ் அடிக்கவில்லை. அவர் ஒரு பந்தையும் தடுக்கவில்லை. 1-5 வாங்கிய பசங்களை, மூணு நாளில் மறுபடி ஆட வைத்திருந்தார். கோல் விழுந்த அடுத்த நிமிடமே எழுந்து நிற்பது கீப்பர்களுக்குப் பழகிய வேலை.

கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், அங்கிருந்து எழும்பூர் ஸ்டேடியம் பக்கம்தான். அடுத்த மேட்ச் வரும்போது போய்ப் பாருங்கள். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும், இந்தக் கோடியில் தனியாக நின்று கத்திக்கொண்டிருக்கும் கீப்பரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நாளைய கோச் அவராகக்கூட இருக்கலாம்!