மானும் விளக்கும்

மானைப்பற்றி நம்மவர்கள் அறிந்த சங்கதிகள் இரண்டே. ஒன்று, அதன் கண்ணின் அழகு. மற்றொன்று, அதன் இறைச்சியின் ருசி. முன்னதைப் புலவர்கள் சொன்னார்கள். பின்னதை வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் அந்தப் பிராணி எங்கே படுக்கிறது, எந்த வேளையில் மேய்கிறது, ஒற்றையாய்த் திரிகிறதா கூட்டமாய்த் திரிகிறதா என்ற விஷயங்களில் நம் அறிவு பூஜ்யமாகவே இருந்துவந்திருக்கிறது. இதற்கு நம்மை மாத்திரம் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. மான்களிற் பல அந்தியிலும் இரவிலும் வைகறையிலும் நடமாடுகின்றன. அவ்வேளைகளில் மனிதனுக்குக் கண் தெரிவதில்லை. கண் தெரிவதற்காக விளக்கைக் கொண்டுபோனாலோ, மான் ஓடிவிடுகிறது. அல்லது மயங்கி நின்று செத்துப்போகிறது.

கண்ணால் காணாத இடத்தில் கதை முளைக்கும் என்பதற்கு நம் பால்யத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையை வாசகர்கள் அறிவார்கள். 1930-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட அச்சாலைக்கு இருபுறமும் காடு. அக்காட்டின் ஓரத்திலே தோட்டங்கள். நாம் சிறுவராயிருந்த நாட்களில், லயத்துக்குப் பின்னாலிருந்து சில இரவுகளில் நாய் குரைப்பதுபோல் ஓர் ஓசை வரும். தோட்டத்து நாய்களெல்லாம் வாசலில் சுருண்டு கிடக்க, காட்டுக்குள்ளே குரைப்பது எந்த நாய்? முனி புறப்பட்டுவிட்டது, அதற்கு முன்னால் அதன் நாய் ஓடுகிறது என்று பெரியவர்கள் சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். மறுநாள் ஒரு கோழியும் ஒரு புட்டிச் சாராயமும் முனிக்குப் போகும். அந்த ஓசையை எழுப்பியது மலாய்க்காரர்கள் ‘கிஜாங்’ என்றும், தமிழில் கேளையாடு என்றும் சொல்லும் சிறு மான்வகை. ஆபத்தை உணர்ந்தால் நாயைப்போலவே குரைப்பது அதன் சுபாவம். ஆங்கில வழியில் கல்வி கற்ற நாமும் ஒரு புத்தகத்திலே இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அதற்குள் எத்தனை கோழிகள் வீணாயினவோ!

நிற்க. இருட்டில் மானைக் கொல்லாமல் காண்பதற்கு வழி கண்ட சரித்திரம் நம் நாட்டில் தொடங்கவில்லை. அது அமெரிக்காவின் வடக்கே, மிச்சிகன் மாகாணத்து ஏரிக்கரைகளில் தொடங்கிற்று. அங்கே வெண்வால் மான் என்று ஓர் இனம் உண்டு. வெருண்டு ஓடும்போது அது வாலை நிமிர்த்தும். வாலின் அடிப்புறத்து வெண்மை கொடிபோல் தெரியும். அப்பிரதேசத்துப் பூர்வ குடிகளான ஓஜிப்வே மக்கள் அதைத் தீயைக்கொண்டு வேட்டையாடினார்கள். சிறு ஓடம் ஒன்றின் முனையில் தட்டு வைத்து நெருப்பு மூட்டுவார்கள். ஓசையின்றிக் கரையோரமாய்த் துழாவிச் செல்வார்கள். நீரருந்த வந்த மான் அவ்வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நிற்கும். இருளில் இரண்டு கண்கள் மாத்திரம் தணல்போல் ஒளிரும். அவ்விரண்டு தணல்களையும் குறிவைத்துச் சுட வேண்டியதுதான்.

இந்த வேட்டையை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர். 1859-ல் பிறந்தவர், பிட்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர், அவர் தகப்பனாரோ அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதிபதி. இத்தகைய செல்வர் வீட்டுப் பிள்ளை வேட்டையில் இறங்கியது ஆச்சரியமன்று. அதைவிட்டு வெளியேறியதே ஆச்சரியம். 1880-களின் இறுதியில் அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துக் காமிராவைக் கையிலெடுத்தார். ஓடம் அதுவே, நெருப்பிருந்த இடத்தில் விளக்கு, இருளும் அதுவே, ஒளிரும் கண்களும் அவையே. சுடும் தருணத்தில் குண்டுக்குப் பதிலாக மெக்னீஷியத் தூளைக் கொளுத்தினார். அத்தூள் பளீரென்று எரிந்து, புகையைக் கக்கி, கணப்பொழுதுக்கு இரவைப் பகலாக்கும். மான் கண்கூசி நிற்கும். பிறகு துள்ளி ஓடும். படம் தட்டிலே பதிந்திருக்கும்.

அதற்கடுத்து அவர் செய்ததுதான் இக்கட்டுரைக்கு முக்கியமானது. ஓடத்தில் மனிதன் இருக்கும்வரையில், மனிதனைக் கண்ட மானையே படம் பிடிக்க முடியும்; தன்போக்கில் திரியும் மானைப் பிடிக்க முடியாது. ஆகவே மான் செல்லும் தடத்தின் குறுக்கே ஒரு நூலைக் கட்டினார். நூலின் மறுமுனை காமிராவோடும் வெடித்தூளோடும் இணைந்திருந்தது. காலோ மார்போ நூலில் பட்டவுடன் வெளிச்சம் வெடிக்கும். காமிராவின் கண் திறந்து மூடும். ஷைராஸ் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். மான் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது! இன்று காட்டு மரங்களில் கட்டப்படும் தானியங்கிக் காமிராக்கள் யாவும் அந்த நூலின் சந்ததிகளே.

அவருடைய இரவுப் படங்கள் 1900-ல் பாரிஸ் மாநகரக் கண்காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றன. 1906-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ பத்திரிகை அவர் எடுத்த படங்களில் 74-ஐ ஒரே இதழில் வெளியிட்டது. அதைக் கண்டு, அறிவுச் சங்கத்தின் ஏட்டைப் படப்புத்தகமாக்கிவிட்டார்கள் என்று சினந்து, நிர்வாகக் குழுவில் இருவர் விலகினார்கள். படம் போட்டால் கௌரவம் போய்விடும் என்று எண்ணும் பண்டிதர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும். ஷைராஸ் 1903 முதல் 1905 வரையில் அமெரிக்கப் பாராளுமன்றத்திலும் அங்கத்தினராயிருந்தார். தேசம் விட்டுத் தேசம் பறக்கும் பறவைகளைக் காக்க 1904-ல் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அக்கருத்து 1918-ல் சட்டமாக நிலைபெற்றது. பார்க்கக் கற்றவர் காக்கவும் முனைந்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நமக்கு ஒரு குறை. பதக்கத்தின்மேல் ஷைராஸின் பெயர் இருக்கிறது. நெருப்பைக் காட்டி மானை நிறுத்தும் வித்தையைப் பரம்பரையாய் அறிந்து அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பதக்கத்தில் இருக்கிறது?

இந்தியாவில் இவ்வழியைப் பின்பற்றியவர் எப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி. சிவாலிக் மலையடிவாரத்துக் காடுகளில் அவர் வைத்த நூலில் புலி தட்டிற்று, மான்களும் தட்டின. 1927-ல் நூலாகவும் வெளிவந்த அவருடைய படங்களில்தான், சுடப்பட்டுக் கிடக்கும் புலியையே படத்தில் பார்த்துப் பழகிய உலகம், தன் காரியமாய் நடந்துபோகும் புலியைப் பார்த்தது. ஒரு புலியின் வரிபோல் மற்றொரு புலிக்கு வரி இராது என்பதும் இத்தகைய படங்களால் தெளிவாயிற்று. அந்த உண்மையை ஆதாரமாகக் கொண்டே 1990-களில் கன்னட நாட்டு நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் காரந்த் என்னும் விஞ்ஞானி, படங்களை ஒப்பிட்டுப் புலிகளைக் கணக்கிட்டார்.

மானை இவ்வாறு எண்ண முடியுமா என்றால், அங்கேதான் சிக்கல். புலிக்கு வரி உண்டு. கடமானுக்கு என்ன உண்டு? இன்று வந்த கடமானும் நேற்று வந்த கடமானும் ஒன்றா வெவ்வேறா என்று படத்தைப் பார்த்துச் சொல்வது அரிது. அமெரிக்கர்கள் வெண்வால் மானுக்கு ஒரு யுக்தி செய்தார்கள். ஆண்மான்களின் கொம்புகள் கிளைவிடும் விதம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே கொம்பைக்கொண்டு இத்தனை ஆண்மான்கள் என்று முதலில் துணிந்து, ஓர் ஆணுக்குச் சராசரி எத்தனை படம் விழுந்தது என்று பார்த்து, அந்த விகிதத்தைப் பெண்மான்களின் படங்களுக்கும் பொருத்தினார்கள். ஆணும் பெண்ணும் ஒரே அளவில் காமிராவுக்கு முன் வருமென்ற அனுமானம் இதில் அடங்கியிருக்கிறது. கொம்போ விழுந்து முளைப்பது. விழுந்த பின்னர் அடையாளமும் போயிற்று. எனவே நூறு இரவுகளுக்கு எத்தனை படம் என்ற கணக்கையே பல இடங்களில் ஒப்பிடுகிறார்கள். அது எண்ணிக்கை ஆகாது, குறிப்பு மாத்திரமே.

இனி நமது மலாயாவுக்கு வருவோம். ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்த்து வியவாத பேராத் தமிழர் இல்லை. அதை வரைந்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பக். அவருடைய சகோதரர் தியோடர் ஹப்பக்கைத்தான் நம்மில் பலர் அறியார்கள். 1905-ல் யானை வேட்டையையும் செலாடாங் என்னும் காட்டெருது வேட்டையையும் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். அதே மனிதர் பிற்காலத்தில் வனவிலங்குகளுக்காகத் தோட்ட முதலாளிகளோடு மல்லுக்கு நின்றார். யானை ரப்பர்க் கன்றை மிதிக்கிறது, ஆகவே கொல்ல வேண்டும் என்பது முதலாளிகளின் கட்சி. ஹப்பக் விசாரணை நடத்தி 1932-ல் விரிவான அறிக்கையை வெளியிட்டார். அவருடைய விடாமுயற்சியின் பயனாக, 1938-39-ல் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று ராஜ்யங்களின் காடுகளும் சேர்ந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பூங்காவாயின. சுதந்திரத்துக்குப்பின் அதற்குத் தாமான் நெகாரா என்று பெயர் வந்தது. ஹப்பக் 1942-ல் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மாண்டார். பேராவுக்கு அந்தப் பூங்காவில் பங்கில்லை. வெட்டிச் சுட்ட காட்டிலே கன்று நட்டுக் களையெடுத்துப் பால் வெட்டிய நம் முன்னோர்களை, காட்டைப்பற்றி உங்கள் அபிப்பிராயம் யாது என்று கேட்டவர்களும் இல்லை.

தாமான் நெகாராவில் 1998 முதல் 2001 வரையில் கே கவானிஷி என்ற ஜப்பானிய அம்மையார் தானியங்கிக் காமிராக்களை வைத்துப் புலிகளையும் அவற்றின் இரையையும் ஆராய்ந்தார். இப்போது நூல் கிடையாது. பிராணியின் உடற்சூட்டால் முன்னிருக்கும் வெப்பம் மாறுவதை ஒரு சிறு கருவி உணர்ந்து காமிராவைத் தூண்டும். சொல்வதற்கு எளிது, நம் மழைக்காட்டில் செய்வதற்கு அரிது. ஈரம் கண்ணாடியைப் பூசணமாக்கும். எறும்பு பெட்டிக்குள் கூடுகட்டும். யானை வந்தால் பெட்டியையே பிடுங்கி எறியும். பின்னர் தீபகற்பம் முழுவதிலும் நடந்த 23 ஆய்வுகளின் 40,000-க்கு மேற்பட்ட படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். காட்டுப்பன்றியும் கேளையாடும் பரவலாய் இருந்தன. கடமானோ பல காடுகளில் அருகிவிட்டிருந்தது. இந்தச் சாட்சியத்தின்பேரில் கடமான், கேளையாடு ஆகிய இரண்டின் வேட்டையையும் அரசாங்கம் பல வருஷங்களுக்கு நிறுத்திவைத்தது. மானே இல்லாதபோது புலிக்கு ஏது பிழைப்பு? 2016 முதல் 2020 வரையில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, தீபகற்பத்தில் எஞ்சிய புலிகள் 150-க்கும் குறைவு என்று கூறிற்று.

இதையெல்லாம் படித்த ஆசையில், நண்பர் ஒருவர் வாங்கிவந்த காமிராப் பெட்டியை, தோட்டத்துச் செம்பனை முடிந்து தாப்பா மலைக்காடு தொடங்கும் ஓடைக்கரையில், முழங்கால் உயரத்தில் ஒரு மரத்திலே கட்டினோம். முதல் மாதத்தின் படங்களில் பெரும்பகுதி வெயிலில் ஆடிய இலைகளும் குரங்குகளுமே. பிறகு கேளையாடு வந்தது. இரவில்தான் வரும் என்று எதிர்பார்த்த நம்மை அது ஏமாற்றிற்று. விடிந்து சற்று நேரத்திலும், பிற்பகல் சாயும் வேளையிலுமே அது பெரும்பாலும் வந்தது. வந்தால் ஒற்றையாகவே வரும். ஒரு படத்தில் நீண்ட நாக்கை வெளியே நீட்டித் தன் கண்ணோரத்தை நக்கிக்கொண்டிருந்தது. முனியின் நாய் இதுதான் என்று அப்படத்தை லயத்துக் கிழவி ஒருத்தியிடம் காட்டினோம். “இம்புட்டுக்கூண்டா இருந்துகிட்டா அந்தச் சத்தம் போட்டுச்சு?” என்று அவள் சிரித்தாள்.

மூன்றாம் மாதத்தில் ஒரு மனிதன் வந்தான். நள்ளிரவு தாண்டிய நேரம். தோளிலே சுருட்டிய கம்பி. முகம் தெளிவாய் விழுந்திருந்தது. காலைதோறும் பெரட்டுக் களத்தில் நாம் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்கிறவன். 2010-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம் என்பது நமக்குத் தெரியும். படத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்றார் நண்பர். ஒருநாள் பொறுக்கும்படி கேட்டோம். கிராணி என்ற உத்தியோகத்தில் ஆளின் பெயருக்கு எதிரில் இருக்கும் சம்பளக் கணக்கும் நம் கண்ணில் படுகிறது. அந்த இறைச்சியைக் கிலோ கணக்கில் வாங்கித் தின்பவர்கள் பட்டணத்தில் மோட்டார் வைத்திருப்பவர்கள் என்பதும் தெரிந்ததே. அவர்கள் முகத்தில் எந்தக் காமிராவும் வெளிச்சம் அடிப்பதில்லை.

மாலையில் அவனை அழைத்துப் படத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “ஐயா, மானைப் பாக்கக் கட்டுன பொட்டி என்னைய ஏன் பாக்குது?” என்றான். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவனே முன்னால் நடந்து, ஓடைக்கு அப்பால் தான் வைத்த கண்ணிகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்துக் கொடுத்தான். கடைசிக் கண்ணி அறுந்து கிடந்தது. சுற்றிலும் மண் கிளறப்பட்டு, செடிகள் வேரோடு சாய்ந்திருந்தன. அதை மாத்திரம் அவன் கையில் எடுக்காமல் நின்றான், நாம்தான் எடுத்தோம்.

காமிராவை நாம் அவிழ்க்கவில்லை. பல வாரங்கள் ஓடைக்கு மான் ஏதும் வரவில்லை. பின்னர் ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் விழுந்த படத்தில், ஒரு கேளையாடு மூன்று கால்களை ஊன்றி நின்று நீர் குடித்துக்கொண்டிருக்கிறது. முன்னங்காலொன்று முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தப் படத்தை அவனிடம் இன்னும் நாம் காட்டவில்லை.