மிளகாயின் பிறந்தகம்

சங்க காலத் தமிழர் மிளகாய் அரைத்த குழம்பும் சோறும் உண்டு வாழ்ந்தனர் என்று, ஆசிரியப் பணியேற்ற புதிதில் வகுப்பிலே நான் கூறியதுண்டு. மாணாக்கரும் எழுதிக்கொண்டனர். அது பிழை என்று நான் உணர்ந்தபோது அவர்கள் பள்ளியை விட்டே சென்றுவிட்டனர். அக்கடனைத் தீர்க்கும் முகமாகவே இதனை எழுதுகின்றேன். என் இல்லத்துப் புழைக்கடையில் இவ்வாண்டு வளர்த்த செடியொன்றே இதற்குத் தூண்டுகோல்.

அது பொப்லானோ என்னும் மெக்சிக்கோ நாட்டு மிளகாய். காய் உள்ளங்கை நீளம் இருக்கும். தோள் அகன்று நுனி குறுகிக் கரும்பச்சையாய்த் தொங்கும். காரமோ சிறிதே. வில்பர் சுகோவில் என்னும் அமெரிக்க மருந்தியலார் 1912இல் வகுத்த அளவைப்படி 1,000 முதல் 2,000 அலகுதான். நம் சந்தையில் விற்கும் சிலி பாடியோ 50,000ஐத் தாண்டும்.

பொப்லானோ என்றால் புவெப்லாவைச் சேர்ந்தது என்று பொருள். நடு மெக்சிக்கோவில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த நகர் அது. அப்பெயர் கொண்ட மாநிலத்தின் தென்பகுதியில் தெவாக்கான் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள குகைகளை 1960களில் மெக்நீசு என்னும் தொல்லியலறிஞர் அகழ்ந்தபோது பல்லாயிரம் ஆண்டுத் தொன்மையுடைய மிளகாய் எச்சங்கள் கிட்டின. 2014இல் வெளியான ஆய்வொன்று, அகழ்வுச் சான்றோடும் மரபணுவோடும் நில்லாது, அந்நிலத்துப் பண்டை மொழிகளில் மிளகாய்க்குரிய சொல் எத்துணைப் பழமையானது என்பதையும் ஆராய்ந்தது. நாம் பெரிதும் உண்ணும் மிளகாயினம் முதன்முதல் பயிராக்கப்பட்டது மெக்சிக்கோவின் நடுக்கிழக்குப் பகுதியில்தான் என்பதே அதன் முடிவு. சொல்லையும் சான்றாக ஏற்றனர் என்பது தமிழாசிரியர்க்கு இனிக்கும் செய்தியன்றோ?

அவ்வாறே நம் சொல்லையும் வினவுவோம். மிளகும் காயும் புணர்ந்ததே மிளகாய். முன்பே அறிந்த மிளகின் பெயரால், பின்னர் வந்ததை அழைத்தோம். கொலம்பசும் இதனையே செய்தார். 1492இல் கீழை நாடுகளுக்கு வழி தேடிப் புறப்பட்டுக் கரீபியத் தீவுகளை அடைந்த அவர், அங்கே கண்ட காயை அம்மக்களின் மிளகு என்று 1493 சனவரியில் குறித்தார். இசுபானியர் மிளகைப் பிமியெந்தா என்பர். மிளகாய்க்கு ஈற்றை மட்டும் மாற்றிப் பிமியெந்தோ என்றனர். மலாயிலும் லாடா என்னும் சொல் இரண்டையும் குறிப்பதுண்டு. சீலி என்பதோ அசுதெக்கு மக்களின் சொல்லே. இசுபானியமும் ஆங்கிலமும் கடந்து நம் சந்தைக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பல்கள் வழியே மிளகாய் இந்தியாவை அடைந்தது. அதற்கு முன்னர்த் தமிழர் உணவின் காரம் மிளகினுடையது. சங்கப் பாடல்கள் அதனைக் ‘கறி’ என்னும். யவனர் கலங்கள் பொன்னைத் தந்து அதனை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு.

இதனைக் கேட்ட ஆசிரிய நண்பர் ஒருவர், “ஐயா, நம் பழம்பெருமையில் ஒன்றைக் குறைத்துவிட்டீர்களே!” என வருந்தினார். மிளகை உலகிற்கு ஈந்தவர்க்கு மிளகாயையும் பொய்யாகச் சேர்த்துக்கொள்ளும் வறுமை என்ன வந்தது என்றேன். அவர் முழுதும் உடன்பட்டார் என்று கூறமாட்டேன்.

செடிக்கு வருவோம். மலைநாட்டுப் பிள்ளையாதலின் நம் சமவெளியின் இரவுப் புழுக்கம் அதற்கு ஒவ்வவில்லை. முதற்பூக்கள் யாவும் உதிர்ந்தன. தொட்டியைப் பிற்பகல் நிழல் விழும் இடத்திற்கு மாற்றி, நீர் தேங்காதவாறு மண்ணில் மணலும் கலந்தேன். பொறுத்திருந்ததில் ஐந்து காய்கள் கிடைத்தன. புவெப்லாவில் செய்வதுபோல் தணலில் வாட்டி, கருகிய தோலை உரித்து, பாலாடைக்கட்டிக்கு மாற்றாக உருளைக்கிழங்கு மசியலை உள்ளே வைத்தோம். சுவைத்த என் மனைவியார், இதற்கு மிளகாய் என்னும் பெயர் மிகை என்றார். அடுத்த காயோ எதிர்பாராது உறைத்தது. ஒரே செடியிலும் இப்படி நேர்வதுண்டு.

விதைகளைப் பள்ளித் தோட்டத்திற்குக் கொடுத்தேன். பெயரட்டை எழுதும் பொறுப்பு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு வந்தது. பொப்லானோவின் பொருளைக் கேட்டறிந்த அவள், ‘புவெப்லாக்காரன்’ என்று எழுதித் தொட்டியருகே நட்டாள்.